பாரிஸைக் கட்டிய ஜில்லா

பாரிஸ் நகரத்துக்குப் போய் வந்தவர்கள் அந்நகரத்தின் கட்டிடங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அளவெடுத்து வெட்டினாற்போல் வரிசை தவறாமல் நிற்கும் மாடி வீடுகள், ஸீன் நதியின் கரைச் சுவர்கள், அகன்ற ராஜபாட்டைகள் எல்லாவற்றையும் வர்ணிப்பார்கள். கட்டுவித்த சக்கரவர்த்தியின் பெயரையும் திட்டம் வகுத்த அதிகாரியின் பெயரையும் ஞாபகமாகச் சொல்வார்கள். கல்லைச் சுமந்தவன் யார், கலவை குழைத்தவன் யார், சாரத்தின்மேல் நின்று சுவர் எழுப்பியவன் யார் என்று நாம் கேட்டால் மட்டும், "யாரோ கொத்தனார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த 'யாரோ'க்களில் மிகப் பலர் ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஜில்லாவின் பெயர் க்ரூஸ். உல்லாச யாத்திரிகர்கள் அதிகம் போகாத பிரதேசம் அது. பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் அதை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்த வாரம் நேயர்களை அங்கே அழைத்துப் போக எண்ணுகிறோம்.

பிரெஞ்சு தேசத்தின் படத்தில் நட்ட நடுவே விரலை வைத்துச் சற்றே கீழே இறக்கினால் க்ரூஸ் அகப்படும். 1789-ம் வருஷத்துப் புரட்சிக்குப் பிறகு, பழைய பிரபுக்களின் பெயரும் அதிகாரமும் ஒருங்கே தொலைய வேண்டும் என்று புதிய சபையார் கருதினார்கள். ஆகவே 1790-ல் தேசம் முழுவதையும் 83 பகுதிகளாக வகுத்தார்கள். 'தெபார்த்மான்' என்று அவர்கள் அழைக்கும் அப்பகுதியை நாம் ஜில்லா என்றே சொல்லிவிடலாம். ஜில்லாவின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் குதிரைமேல் ஒரே நாளில் தலைநகரை அடைய வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மனிதர்களின் பெயரை வைத்தால் வம்பு என்று நதிகள், மலைகள் இவற்றின் பெயரையே வைத்தார்கள். மார்ஷ் என்ற பழைய சிற்றரசின் பெரும் பகுதி இவ்விதம் க்ரூஸ் ஆயிற்று. க்ரூஸ் என்பது ஜில்லாவில் உற்பத்தியாகும் நதியின் பெயர். பிரெஞ்சு பாஷையில் அந்தச் சொல்லுக்கு 'குடையப்பட்டது', 'உள்ளே வெறுமையானது' என்று பொருள். நதி தன் பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்துகொண்டு போவது வாஸ்தவம். வெறுமை என்ற பொருள் ஜில்லாவுக்கே பிற்காலத்தில் பொருந்திப் போனதைத்தான் பின்னால் சொல்லப் போகிறோம்.

விஸ்தீரணம் சுமார் 2,150 சதுர மைல். ஜனத்தொகை ஏறக்குறைய 1,15,000. ஐரோப்பாவிலுள்ள பிரெஞ்சு ஜில்லாக்களில் இதைக் காட்டிலும் ஜனம் குறைந்தது லோஸேர் ஒன்றே. தலைநகரான கெரேயில் வசிப்பவர்கள் சுமார் 13,000 பேர். இந்தச் சொற்ப ஜனத்துக்கு 250-க்கு மேற்பட்ட கிராம, நகர சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. நூறு பேர் வசிக்கும் கிராமத்திலும் மூவர்ண வார் அணிந்த ஒரு தலைவர் கலியாணம் நடத்தி வைப்பார். மேலே, பாரிஸ் சர்க்கார் நியமிக்கும் 'ப்ரெபே' என்ற அதிகாரி கெரேயில் இருக்கிறார். 1982-ம் வருஷத்துச் சட்டம் வரையில் ஜில்லாவின் நிர்வாகமெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அதன் பிறகு ஜில்லாச் சபைக்கு அதிகாரத்தில் ஒரு பங்கு கிடைத்தது. 2016 முதல் க்ரூஸ், போர்தோ நகரைத் தலைநகராகக் கொண்ட ஒரு பெரிய ராஜதானியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியதைப் பத்துத் தெரு தள்ளிப் போய்க் கேட்பது போலாயிற்று என்று க்ரூஸ்வாசிகள் சலித்துக்கொண்டால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பூமி எப்படிப்பட்டது? எங்கே தோண்டினாலும் கருங்கல். மேலே மெல்லிய புளிப்பு மண். மழைக்குக் குறைவில்லை. வயல்களைச் சுற்றிச் செடி கொடிகள் மண்டிய உயிர்வேலி. வேலிக்கு நடுவே ஓக் மரங்கள், அவற்றின் அடியில் மாடுகள். தெற்கே போகப் போக நிலம் உயர்ந்து, சுமார் 3,000 அடி வரையில் ஏறும் மில்வாஷ் பீடபூமியில் முடிகிறது. மில்வாஷ் என்பதைப் பிரெஞ்சில் பிரித்துப் படித்தால் 'ஆயிரம் பசுக்கள்' என்று வரும். பண்டிதர்களில் சிலர் அதை ஒப்புவதில்லை. 'ஆயிரம் ஊற்றுக்கள்' என்று பொருள் சொல்கிறார்கள். நமக்கு இரண்டும் சம்மதமே. ஊற்றுக்கள் இருப்பதற்கு க்ரூஸ், வியேன், வெஸேர் நதிகள் சாட்சி. பசுக்களைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை. செம்பழுப்பு நிற லிமூஸான் மாடுகளும் வெண்ணிற ஷரோலே மாடுகளும் சேர்ந்தால் ஜில்லாவில் மனிதர்களைவிட மாடுகளே அதிகம். ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த புல்வெளிகளில் சென்ற நூற்றாண்டில் அமெரிக்க ஜாதி டக்ளஸ் மரங்களை நட்டார்கள். இப்போது அவை இருண்ட காடாக நிற்கின்றன. 1950-ல் ஓர் அணை கட்டி வஸ்ஸிவியேர் என்ற செயற்கை ஏரியை உண்டாக்கினார்கள். சுமார் 2,500 ஏக்கர் நீர்ப்பரப்பு. வேனிற்காலத்தில் அங்கே படகோட்ட வருபவர்களுக்கு, தண்ணீருக்கு அடியில் சில பண்ணைகளும் பாதைகளும் கிடக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெண்மணிகள் கேட்கக் கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: என்ன சாப்பிடுகிறார்கள்? கோதுமை விளையாத மண்ணில் கம்புக்கு ஒப்பான 'ரை' தானியமும், செஸ்ட்நட் கொட்டையும், பிற்காலத்தில் உருளைக்கிழங்கும்தான் ஏழைகளின் வயிற்றை நிரப்பின. இன்றைக்கும் உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மாவு மூடிக்குள் வைத்துச் சுட்டு, மேலே துளையிட்டுப் பாலேட்டை ஊற்றிச் செய்யும் பண்டம் ஒன்று வீட்டுக்கு வீடு உண்டு. ஜில்லாவின் பெயரையே தாங்கிய ஒரு கேக்கும் இருக்கிறது. ஹேஸல் கொட்டைப் பொடியும் வெண்ணெயும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துச் செய்வது. பழைய மடம் ஒன்றில் அகப்பட்ட பதினைந்தாம் நூற்றாண்டு ஏட்டில் அதன் செய்முறை எழுதியிருந்தது என்று சொல்லி விற்கிறார்கள். ஏடு பழையதோ என்னவோ, கேக் கடைக்கு வந்தது 1960-களின் இறுதியில்தான்.

கருங்கல்லும் 'ரை'யும் மட்டும் இருந்த நாட்டில் வரி கட்டப் பணம் எங்கிருந்து வரும்? கல்லை அறிந்தவன் கல்லை நம்பிப் புறப்பட்டான். 1627-ல் ரிஷ்லியே மந்திரி லா ரோஷேல் கோட்டையை முற்றுகையிட்டுக் கடலில் அணை போட்டபோதே இப்பக்கத்துக் கொத்தனார்களை வரவழைத்தார் என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வருஷந்தோறும் 30,000-க்கு மேற்பட்ட ஆண்கள் ஜில்லாவை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மார்ச்சு மாதத்தில் புறப்பாடு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் தகப்பன்மார்களோடு, சித்தப்பன்மார்களோடு கால்நடையாக நடப்பார்கள். ஓர்லெயான் நகரம் வரையில் நடை, அங்கிருந்து கையில் காசு இருந்தால் வண்டி. வழியில் சத்திரங்களில் அழுக்குப் படுக்கை. ஊர்க்காரர்களின் ஏளனம். சில சமயம் கைகலப்பு.

பாரிஸில் நகர மண்டபத்துக்கு எதிரே க்ரேவ் மைதானம் என்று ஓர் இடம் இருந்தது. விடியற்காலையில் வேலை தேடுவோர் அங்கே வந்து நிற்பார்கள். மேஸ்திரிகள் வந்து ஆள் பொறுக்குவார்கள். பிரெஞ்சு பாஷையில் வேலைநிறுத்தத்துக்கு 'க்ரேவ்' என்ற பெயர் வந்தது அந்த மைதானத்திலிருந்துதான். பக்கத்துச் சந்துகளில் கொத்தனார்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள். கட்டிலுக்கு இருவராகப் படுக்கை. மாடி மாடியாகச் சாந்துச் சட்டியைத் தலையில் சுமக்கும் சித்தாளாக ஆரம்பித்து, சில வருஷங்களில் கரணை பிடிக்கும் கொத்தனாராக உயரலாம். நவம்பர் முடிவில் குளிர் முற்றி வேலை நின்றதும், சேமித்த பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். கடன் அடைப்பதும், காணி நிலம் வாங்குவதும், கலியாணம் செய்வதும் அந்த மூன்று மாதத்துக்குள். பிறகு மறுபடியும் மார்ச்சு.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஆண்களின் நடையைப் பற்றியே எல்லோரும் சொல்கிறார்கள். மார்ச்சிலிருந்து நவம்பர் வரையில் அந்த ஜில்லாவில் உழுதது யார்? விதைத்தது, அறுத்தது, பசு ஈன்றபோது இரவெல்லாம் விழித்திருந்தது, பிள்ளை பெற்றது, கிழவர்களுக்குக் கஞ்சி வைத்தது யார்? பெண்கள். பாரிஸின் சுவர் ஒவ்வொன்றையும் அவர்களும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அவர்களுக்குச் சிலை எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

அந்த நடைக்கூட்டத்தில் 1830-ம் வருஷம் 14 வயதுப் பையன் ஒருவன் போனான். பெயர் மார்த்தேன் நாதோ. லா மார்த்தினேஷ் என்ற குக்கிராமத்தில் 1815-ல் பிறந்தவன். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, வயலுக்கு அனுப்புவதா என்று வீட்டில் பெரிய சண்டை. தாயாரும் பாட்டனாரும் "எழுத்து நமக்கு எதற்கு?" என்றார்கள். தகப்பனார் மட்டும் பிடிவாதமாக நின்று படிக்க வைத்தார். பாரிஸில் பையன் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு கைகளையும் ஒடித்துக்கொண்டான். கை கூடிய பிறகு மறுபடியும் சாரம் ஏறினான். பகலெல்லாம் சுவர் கட்டிவிட்டு, இரவில் தன் அறையிலேயே சக கொத்தனார்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தான்.

1848-ல் குடியரசு பிறந்தது. மறு வருஷம் க்ரூஸ் ஜில்லாவின் ஜனங்கள் அந்தக் கொத்தனாரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் சபையைக் கலைத்து அதிகாரத்தைப் பறித்துக்கொண்டபோது நாதோ சிறைப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். இங்கிலாந்துக்குப் போய் முதலில் கரணை பிடித்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக ஆனார். அந்தச் சமயத்தில்தான், அவரைத் துரத்திய சக்கரவர்த்தியின் ஆட்சியில், ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டினார். அந்த வேலைக்குக் கல் சுமந்தவர்களில் ஆயிரக் கணக்கானவர்கள் நாதோவின் ஊர்க்காரர்கள். விதி சில சமயம் இப்படியும் வேடிக்கை பார்க்கிறது.

1870-ல் சாம்ராஜ்யம் விழுந்தது. நாதோ திரும்பி வந்தார். எந்த ஜில்லாவிலிருந்து வெறுங்காலோடு என்று சொல்லத்தக்க நிலையில் புறப்பட்டாரோ, அதே ஜில்லாவுக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1876 முதல் 1889 வரையில் மறுபடியும் சட்டசபை. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1880-ல் அவர் மசோதா கொண்டுவந்தார். இரண்டு கைகளையும் ஒடித்துக்கொண்டவருக்கு அதன் அவசியத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை அல்லவா? சட்டம் நிறைவேற 18 வருஷம் ஆயிற்று. 1898 ஏப்ரலில் அது நிறைவேறியது. அதே வருஷம் டிசம்பரில் தம் ஊரில் நாதோ காலமானார். அவர் 1895-ல் எழுதி வெளியிட்ட சுயசரிதம் இல்லாவிட்டால், மேலே நாம் வர்ணித்த சத்திரத்துப் படுக்கையும் சாந்துச் சட்டியும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இடையில் 1856-ல் ஜில்லாவின் மேற்கு ஓரத்திலுள்ள லா ஸூத்தரேன் ஊருக்கு ரயில் வந்துவிட்டது. ரயில் வந்தால் ஊர் செழிக்கும் என்பார்கள். இங்கே நடந்தது வேறு. நடந்து போனவன் குளிர்காலத்தில் திரும்பி வந்தான். ரயிலில் போனவன் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போனான். 1851-ல் 2,87,000 பேர் இருந்த ஜில்லா அது. அந்தத் தொகையை மறுபடி எட்டவே இல்லை.

போகாமல் இருந்தவர்களும் இருந்தார்கள். க்ரூஸ் நதிக்கரையில் ஓபுஸோன், பெல்த்தான் என்ற இரண்டு சிற்றூர்கள். இங்கே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கம்பளி நூலால் சித்திரத் திரை நெய்கிறார்கள். சுவரை மறைக்கத் தொங்கவிடும் பெரிய திரைகள். வேட்டை, கானகம், புராணக் கதை எல்லாம் நூலிலேயே உருவாகும். பாவு படுக்கையாக இருக்கும் தறியில், மாதிரிச் சித்திரத்தைப் பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார்கள். ஆகவே நெய்பவர் தாம் நெய்தது எப்படி வந்திருக்கிறது என்பதை வேலை முழுவதும் முடிந்து தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாளில்தான் சரிவரப் பார்க்கிறார். தேர்ந்த கை ஒரு மாதம் உழைத்தால் ஏறக்குறைய ஒரு சதுர கஜம் வரும். மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், முகம் தெரியாத சித்திரத்தோடு குடித்தனம் நடத்தும் பொறுமை எளிதில் வருவதல்ல.

1665-ல் கோல்பேர் மந்திரி இந்தத் தொழிலுக்கு ராஜ முத்திரை அளித்தார். இருபது வருஷத்துக்குள், 1685-ல், அதே மன்னர் புராடெஸ்டண்டு மதத்தினருக்கு இருந்த பாதுகாப்பை ரத்துச் செய்தார். கைதேர்ந்த நெசவாளிகள் பலர் ஜெர்மனிக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் ஓடிப்போனார்கள். வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கும் வித்தை எல்லா அரசாங்கங்களுக்கும் தெரிந்தது போலும். தொழில் தேய்ந்து மாய்ந்துகொண்டிருந்த வேளையில் 1939-ல் ழான் லூர்ஸா என்ற சித்திரக்காரர் அங்கே வந்தார். நூற்றுக்கணக்கான சாயங்களைக் குறைத்துச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாதிரிச் சித்திரத்தில் நிறங்களுக்கு எண் இட்டு, புதிய காலத்துக்கு ஏற்ற சித்திரங்களைக் கொடுத்துத் தறிகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். யுத்தத்தில் குண்டு விழுந்து அழிந்த இங்கிலாந்தின் காவென்ட்ரி தேவாலயத்தைப் புதிதாகக் கட்டியபோது, 1962-ல் அங்கே தொங்கவிட்ட மிகப் பெரிய கிறிஸ்துநாதர் திரை பெல்த்தானில் நெய்ததுதான். 2009-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை உலகத்தின் பொதுச் சொத்தாக அங்கீகரித்தது. 2016-ல் ஓபுஸோனில் இதற்கென்றே ஒரு கலாசாலையும் காட்சிசாலையும் திறந்திருக்கிறார்கள்.

திரையைப் பற்றிப் பேசும்போது பூஸாக் கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிஸ் க்ளூனி காட்சிசாலையில் ஒரு சீமாட்டியையும் ஒற்றைக் கொம்புக் குதிரையையும் காட்டும் ஆறு திரைகள் இருக்கின்றன. 1500-ம் வருஷத்தை ஒட்டி நெய்தவை. உலகப் பிரசித்தி பெற்றவை. 1841-ல் புராதனச் சின்னங்களின் பரிசோதகரான மெரிமே, க்ரூஸ் ஜில்லாவின் வடகோடியிலுள்ள அந்தக் கோட்டையில் இவை ஈரச் சுவரில் தொங்கி எலிக்கு இரையாகிக்கொண்டிருப்பதைக் கண்டு முறையிட்டார். முறையீடு செய்து 41 வருஷத்துக்குப் பிறகு, 1882-ல், காட்சிசாலை அவற்றை வாங்கியது. இடையில் ஜார்ஜ் ஸாண்ட் அம்மையார் அவற்றைப் பற்றி எழுதி, துருக்கி சுல்தானின் தம்பி ஜிஸிம் என்ற ராஜகுமாரனோடு அவை வந்தன என்ற கதையையும் பரப்பிவிட்டார். ராஜகுமாரன் கதை நிஜந்தான். அண்ணனோடு சிம்மாசனத்துக்குப் போரிட்டுத் தோற்று, ரோட்ஸ் தீவு வீரர்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்களுக்கே கைதியாகி, இந்த ஜில்லாவின் பூர்கனெப் ஊரில் ஒரு கோபுரத்தில் 1486 முதல் 1488 வரை இருந்தான். கோபுரம் இன்றும் அவன் பெயரோடு நிற்கிறது. திரைகளுக்கும் அவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

1889-ம் வருஷம் வசந்த காலத்தில் மோனே என்ற பெரிய சித்திரக்காரர் ப்ரெஸ்லீன் கிராமத்தில் வந்து தங்கி இந்நதியை வரைந்தார். குளிர்காலத்து மொட்டை ஓக் மரம் ஒன்றை அவர் தீட்டிக்கொண்டிருக்கும்போதே, படம் முடிவதற்குள் மரம் துளிர்த்துவிட்டது! நிலத்துக்காரரிடம் பணம் கொடுத்து அனுமதி பெற்று, ஆள் வைத்து இலைகளையெல்லாம் கிள்ளி எடுக்கச் செய்தார். இயற்கையைப் பார்த்துச் சித்திரம் எழுதுவதில் இதுவும் ஒரு வகை.

சென்ற நூற்றாண்டின் யுத்தங்கள் இந்த மூலையையும் விடவில்லை. 1917-ல் பிரெஞ்சுப் போர்முனைக்கு வந்திருந்த ருஷ்யச் சிப்பாய்களில் ஏறக்குறைய 10,000 பேர் இனிச் சண்டை செய்யமாட்டோம் என்று மறுத்ததும், அவர்களை லா கூர்த்தீன் பாசறையில் கொண்டுவந்து அடைத்தார்கள். செப்டம்பரில் பீரங்கி வைத்து அடக்கினார்கள். அதற்கு அருகில் ஜாந்த்யு என்ற கிராமத்தில் 1922-ல் ஒரு யுத்த ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். மற்ற ஊர்களில் வெற்றி மாலையும் சேவலும் வீரனும் இருக்கும். இங்கே தகப்பனை இழந்த ஒரு சிறுவன், பள்ளிக்கூடத்து மேலங்கி அணிந்து, இறந்தவர்களின் பெயர் வரிசைக்கு முன்னால் நின்று முஷ்டியை உயர்த்துகிறான். யுத்தம் நாசமாய்ப் போகட்டும் என்று பொருள்படும் வாசகம் கீழே பொறித்திருக்கிறது. பட்டாளம் அந்த வழியே போகும்போது முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்ளும்படி உத்தரவு இருந்ததாகச் சொல்வார்கள்.

குழந்தையை நினைவுச் சின்னமாக வைத்த இந்த ஜில்லாவுக்கு, அதன் பிறகு இரண்டு முறை வெளியிலிருந்து குழந்தைகள் வந்தார்கள்.

முதல் தடவை 1939-ல். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஓடிவந்த யூதக் குழந்தைகளை வைத்துக் காக்க ஒரு யூத தர்ம ஸ்தாபனம் ஷாபான், மாஸ்ஜெலியே, ஷோமோன் ஆகிய இடங்களிலுள்ள பழைய மாளிகைகளை எடுத்துக்கொண்டது. ஷாபான் இல்லத்தின் தலைவர் பெலிக்ஸ் ஷெவ்ரியே என்ற பிரெஞ்சுக்காரர். கிராமத்து ஆசிரியைகள் அந்தக் குழந்தைகளை உள்ளூர்க் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்த்திப் பாடம் சொன்னார்கள். 1942 ஆகஸ்டு 26-ந் தேதி போலீஸ் வந்தது. பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். ஆயினும் வயதில் பெரிய சிலர் பிடிபட்டார்கள். மற்றவர்களைப் பண்ணைகளிலும் வேறு ஊர்களிலும் பொய்ப் பெயரில் சிதறவிட்டு, எல்லை தாண்டவும் செய்து, நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை நடந்ததை எழுதும்போது நமக்கு மனம் கனக்கிறது. நமக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஒரு தீவு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரெயூனியன் தீவில் 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள். அவர்களுடைய சந்ததியாரை அங்கே 'மல்பார்' என்று அழைக்கிறார்கள். அவர்களும், ஆப்பிரிக்கர்களும், வெள்ளையர்களும், எல்லாரும் கலந்தவர்களுமாக வாழும் தீவு அது. 1946-ல் சட்டப்படி அதுவும் ஒரு பிரெஞ்சு ஜில்லா ஆயிற்று.

1963-ல் மிஷேல் தெப்ரே என்ற முன்னாள் பிரதம மந்திரி அத்தீவின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தீவில் ஜனம் மிகுதி, வறுமை மிகுதி என்றும், தாய்நாட்டில் கிராமங்கள் காலியாகின்றன என்றும் சர்க்கார் கண்டது. ஒரு பாத்திரத்தில் நிறைந்ததை மற்றொன்றில் ஊற்றுவது போல, சர்க்காரின் பராமரிப்பிலிருந்த சிறுவர் சிறுமியரைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றினார்கள். எல்லோரும் அநாதைகள் அல்லர். படிக்க வைப்போம், விடுமுறைக்கு ஊருக்கு அனுப்புவோம் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். எழுத்தறியாத பெற்றோர் கைநாட்டு வைத்தார்கள். 1962 முதல் 1984 வரையில் இப்படி அனுப்பப்பட்டவர்கள் 2,015 பேர் என்று 2018-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு கணக்கிட்டுச் சொன்னது. பல ஜில்லாக்களுக்கு அவர்கள் போனார்கள். க்ரூஸுக்கு வந்தவர்கள் சுமார் 215 பேர். ஆயினும் இந்த ஜில்லாவின் பெயரே நிலைத்து, 'க்ரூஸ் குழந்தைகள்' என்றே எல்லோரையும் அழைக்கலானார்கள்.

சிலருக்கு அன்பான வீடு கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும். கெரேயிலிருந்த விடுதியிலிருந்து பண்ணைகளுக்குப் போன வேறு சிலர் கூலியில்லாத வேலைக்காரர்களானார்கள். அண்ணன் ஓரிடம், தங்கை ஓரிடம். பெயரை மாற்றினார்கள். தாயார் உயிரோடிருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு. பனியைக் கண்டிராத குழந்தைக்கு 5,800 மைலுக்கு அப்பால் வந்து விழுந்த முதல் குளிர்காலம் எப்படி இருந்திருக்கும்? சர்க்கார் ஏட்டிலோ இது ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொரு ஜில்லாவுக்கு மாற்றம், அவ்வளவே.

2002-ல் அவர்களில் ஒருவர் சர்க்காரின்மீது வழக்குத் தொடுத்து நூறு கோடி யூரோ நஷ்டஈடு கேட்டபோதுதான் தேசம் திடுக்கிட்டு விழித்தது. காலம் கடந்துவிட்டது என்று நியாயஸ்தலங்கள் கதவைச் சாத்தின. 2014 பிப்ரவரி 18-ந் தேதி தேசிய சபை ஒரு தீர்மானம் செய்து, சர்க்கார் தன் தார்மிகப் பொறுப்பில் தவறியது என்று ஒப்புக்கொண்டது. குழந்தைகள் அதற்குள் பாட்டன் பாட்டிகளாகியிருந்தார்கள்.

இவ்வளவும் செய்து ஜில்லா நிரம்பிற்றா என்றால் இல்லை. ஜனம் குறைந்தால் பள்ளிக்கூடத்தில் வகுப்பை மூடுகிறார்கள். வகுப்பை மூடினால் இளம் தம்பதிகள் வேறு ஊர் தேடுகிறார்கள். தபாலாபீஸ், வரி ஆபீஸ், பிரசவ ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக தூரம் போகிறது. 1886-லேயே தெருவுக்கு மின்சார விளக்குப் போட்ட பூர்கனெப் இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. 1889-ல் 14 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் அருவியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் கொண்டுவந்து அந்தச் சிற்றூர் தேசத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படிப்பட்ட ஜில்லாவில் வரி ஆபீஸ்களை மூடப்போவதாக அறிவித்தபோது, 2004 அக்டோபரில் 250-க்கு மேற்பட்ட ஜனப் பிரதிநிதிகள் ஒருங்கே ராஜினாமாச் செய்தார்கள். வரி ஆபீஸ் வேண்டும் என்று ஜனங்கள் கிளர்ச்சி செய்த அதிசயத்தை வேறெங்கு காண்பது? 2005 மார்ச்சில் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் கெரேக்கு வந்து அவர்களோடு ஊர்வலம் போனார்கள்.

பாரிஸில் சம்பாதித்த பணத்தில், பாரிஸில் கற்ற கைத்திறத்தோடு, அந்தப் பழைய கொத்தனார்கள் தங்கள் ஊரில் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. செதுக்கிய கருங்கல் நிலைகள், நேரான மூலைகள், சாய்ந்த கூரை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. சிலவற்றை இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பங்கள் வாங்கிப் பழுது பார்த்துக் குடியேறியிருக்கின்றன. நாதோ அடைக்கலம் தேடிப் போன தேசம் இங்கிலாந்து என்பது நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். பெல்த்தானில் கட்டிட வேலைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. தேசத்தின் வேறு பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து விடுதியில் தங்கி, கல் செதுக்கப் பழகிக்கொண்டு போகிறார்கள்.